இடைவேளையில் நிறுத்தி வைத்த ஆட்டம்

1

ஒரு கால்பந்து ஆட்டத்தின் பின்பாதியை என்னால் பார்க்க முடியவில்லை. இந்தக் கதை அதனால்தான் எழுதப்படுகிறது. வேறு பெரிய காரணம் எதுவும் இல்லை.

2022 உலகக் கோப்பையில் பிரேசிலும் ஸ்விட்சர்லாந்தும் கத்தாரில் ஆடிய ஆட்டம் அது. யார் ஜெயித்தார்கள் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கும் தெரியும். அன்று நேரலையில் முழுதும் பார்த்தவள்தான் நான். இப்போது அதையே மறுபடி போட்டு, இடைவேளை வரை பார்த்து, நிறுத்திவிட்டு, ரிமோட்டைக் கொண்டுபோய்ச் சமையலறையில் இட்லிக் கொப்பரைக்குள் வைத்துவிட்டேன். ஏன் என்று சொல்லத்தான் இவ்வளவும்.

கதையில் வரும் பெண்ணுக்கு ஜெயசுதா என்று பெயர் வைத்திருக்கிறேன். அவள் கணவர் நாகேந்திரன். 'நான்' என்று தொடங்கினால் இரண்டாவது வரியில் கை நின்றுவிடுகிறது. 'அவள்' என்று எழுதினால் கொஞ்சதூரம் போக முடிகிறது. ஜெயசுதா செய்ததெல்லாம் நான் செய்தது. இதை இப்போதே சொல்லிவிட்டால் நடுவில் நீங்கள் கண்டுபிடித்து வருத்தப்பட வேண்டியிருக்காது.

2

முதலில் எழுதிய தொடக்கம் இது:

"தோஹா துறைமுகத்தை ஒட்டி, கப்பல் கண்டெய்னர்களை அடுக்கிக் கட்டிய அந்த மைதானத்தின் மேல் அந்திக் கடற்காற்று மெல்ல—"

மெல்ல வீசியதா, பலமாக வீசியதா? எனக்குத் தெரியாது. நான் அங்கே போனதில்லை. என்னிடம் பாஸ்போர்ட் கிடையாது. முதுகுளத்தூருக்குத் தெற்கே கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர் எங்களுடையது. கடலைப் பார்க்க வேண்டுமென்றால் நாங்கள் இரண்டு பஸ் மாற வேண்டும்.

இரண்டாவது தொடக்கம்:

"நாகேந்திரன் இறந்த மறு—"

வேண்டாம். அங்கிருந்து தொடங்கினால் அவர் எப்படி எழுந்து, குளித்து, ஆட்டம் பார்க்கப் புறப்படுவார்?

மூன்றாவது:

"சட்டை மஞ்சளாக இருக்கட்டும் என்று சொன்னது ஜெயசுதாதான்."

இது நிற்கிறது. இதிலிருந்தே போகலாம்.

3

சட்டை மஞ்சளாக இருக்கட்டும் என்று சொன்னது ஜெயசுதாதான்.

நாகேந்திரன் கத்தாரில் சாரம் கட்டும் வேலையில் இருந்தார். உயரமான கட்டடங்களுக்கு வெளியே இரும்புக் குழாய்களைக் கோத்து மற்றவர்கள் நிற்க வழிசெய்வது. கட்டடம் எழுந்ததும் கழற்றி எடுத்துக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போவது. அறையில் கூடத் தங்கியிருந்தவர் திருப்பாலைக்குடி தவ்ஃபீக். கடற்கரை ஊர்க்காரர், சின்ன வயதிலிருந்து பந்து உதைத்தவர். நாகேந்திரனுக்குத் தெரிந்தது கபடி. தவ்ஃபீக் எப்படியோ இரண்டு பேருக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். டிக்கெட் போனுக்குள்ளேயே இருந்தது. அதை நாகேந்திரன் படம் பிடித்து ஜெயசுதாவுக்கு அனுப்பினார். மைதானம், வாசல், வரிசை, இருக்கை எல்லாம் அதில் இருந்தன. ஆடுகிற நாடுகளின் பெயரும் இருந்தது. அவள் அதைக் கவனித்தாள். ஆனால் அந்தப் பெயர்களுக்குப் பின்னால் நிறங்கள் இருக்கும் என்று அவளுக்குத் தோன்றவில்லை.

டிவியில் கூட்டத்தைக் காட்டுவார்கள், பார்த்துக்கொண்டே இரு என்றார் அவர். அவ்வளவு கூட்டத்தில் உங்களை எங்கே என்று தேடுவது என்று அவள் கேட்டாள். அப்புறம் அவளே யோசனை சொன்னாள். அவர் அதுவரை அனுப்பிய வீடியோக்களில் அந்த ஊர் ஆண்கள் எல்லோரும் வெள்ளை அங்கியில் இருந்தார்கள். ரோடு வெள்ளை, கடை வெள்ளை, பள்ளிவாசல் வாசல் வெள்ளை.

"போன லீவுல ராம்நாட்டுல எடுத்தமே, அந்த மாம்பழ மஞ்சச் சட்ட. அதப் போட்டுக்கிட்டுப் போங்க. வெள்ளைக்குள்ள பளிச்சுன்னு தெரியும்."

"ஒனக்கு வக்கீல் மூளைடி," என்றார் நாகேந்திரன்.

அவர் அந்தச் சட்டையை அயர்ன் செய்யும் வீடியோவும் வந்தது.

(கால்பந்து தெரிந்தவர்கள் இந்த இடத்தில் சிரித்திருப்பீர்கள். சிரிக்கலாம். நாங்களும் பிற்பாடு சிரித்தோம்.)

4

இனி வருவது அவர் போனில் சொன்னது. நான் பார்க்காததால் அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன்.

மெட்ரோ ரயிலில் கால் வைக்க இடமில்லை. மேளம் அடிக்கிறார்கள், அதுவும் ரயிலுக்குள். யாரும் யாரையும் இறங்கச் சொல்லவில்லை. நிலையத்துக்கு வெளியே உயர நாற்காலியில் ஒருத்தன் உட்கார்ந்து வழிகாட்டிக்கொண்டிருந்தான். அவன் சொல்வதையே கூட்டம் பாட்டாகப் பாடிக்கொண்டு நடந்தது. ஒரு பெண் சின்ன டப்பாவும் பிரஷ்ஷும் வைத்துக்கொண்டு வருகிறவர்கள் கன்னத்தில் எல்லாம் கொடி வரைந்தாள். நாகேந்திரன் கன்னத்திலும் பச்சையாக ஏதோ தீட்டினாள். அது எந்த நாட்டுக் கொடி என்று அவர் கேட்கவில்லை.

பக்கத்து இருக்கைக்காரன் பெரிய தொப்பையோடு, கழுத்தில் ஊதுகுழலோடு இருந்தான். இவரைப் பார்த்து எந்த நாடு என்று கேட்டிருக்கிறான். இவர் "ராம்நாடு" என்றிருக்கிறார். அவனுக்கு அது ஒரு நாடாகத்தான் பட்டது போல. கையை உயர்த்தி "ராம்நாடு! ராம்நாடு!" என்று கத்தினான். அந்த வரிசையே திருப்பிக் கத்தியது.

இதைச் சொல்லும்போது நாகேந்திரனுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. அந்தத் தேசத்தில் அவர் தலைக்கவசம் இல்லாமல், இடுப்பில் கயிறு இல்லாமல் ஓர் உயரத்தில் ஏறி உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. மேலே உட்கார்ந்தால் ஒரு பக்கம் கடலும் விளக்குகளும் தெரியுமாம். இரும்புத் தூண்களைப் பார்த்ததும், எந்த போல்ட்டை முதலில் கழற்ற வேண்டும் என்று கை தானாகக் கணக்குப் போட்டதாம். ஏனென்றால் அந்த மைதானத்தை, ஆட்டங்கள் முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுவார்கள் என்று சொல்லியிருந்தார்கள்.*

* பிரித்தார்களா என்று எனக்குத் தெரியாது. யாரிடமாவது கேட்கலாம். கேட்கவில்லை.

ஆடுகிற இரண்டு பக்கத்திலும் தன் ஊர் இல்லாதபோது ஒரு மனிதன் எதற்காகத் தொண்டை கட்டுகிற அளவு கத்துகிறான்? இதைப் பற்றி ஒரு பக்கம் எழுதிப் பார்த்தேன். கிழித்துவிட்டேன். அதில் நாகேந்திரன் பேசுவதுபோல் ஒரு வரிகூட இல்லை. எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: எப்போதும் பிறர் வேலையின் ஓரத்தில் நின்றவர், அன்று ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். அதில் அவருடைய எண் இருந்தது.

5

அதே நேரத்தில் ஊரில்.

கொழுந்தன் மாரீஸ்வரன் போனை டிவியோடு இணைத்து, டிவியை வாசலில் தூக்கி வைத்தான். கார்த்திகை மாதம். அன்று மழை இல்லை. சோறு தின்றுவிட்டு ஒவ்வொருவராக வந்து உட்கார்ந்தார்கள். ஜெயசுதாவின் மாமியார் கருத்தம்மாள் முன்வரிசையில், டிவிக்கு ஒரு கை தூரத்தில். யாருக்கும் ஆட்டம் தெரியாது. எல்லோரும் வந்தது நாகேந்திரனைப் பார்க்க.

முதல் தடவை கூட்டத்தைக் காட்டியதும் எல்லோரும் டிவி பக்கம் சாய்ந்தார்கள். திரை முழுவதும் மஞ்சள். ஆண், பெண், குழந்தை, கிழவன் எல்லோரும் மஞ்சள். ஒருத்தன் தலைமயிர்கூட மஞ்சள்.

"ஏத்தா சுதா," என்றார் மூக்கையா. பஸ் ஸ்டாப்பில் டீக்கடை வைத்திருப்பவர். "ஒம்புருசன் அம்புட்டுப் பேத்துக்குமா சட்ட எடுத்துக் குடுத்துட்டான்?"

வாசலே சிரித்தது. ஜெயசுதாவும் சிரித்தாள். ஆனால் கண்ணை எடுக்கவில்லை. கேமரா கூட்டத்துக்குப் போகும்போதெல்லாம் மஞ்சளாகப் பார்த்து ஒவ்வொரு முகமாகத் தேடினாள். முகம் பிடிபடுவதற்குள் கேமரா பந்துக்குப் போய்விடும். கருத்தம்மாள் பத்துப் பேரையாவது "இந்தா, இந்தா எம்புள்ள" என்று காட்டினார். அதில் ஒருத்தன் வெள்ளைக்காரன்.

பாதி ஆட்டம் முடியப்போகும்போது திரை சட்டென்று இருண்டது. மாரீஸ்வரன் ஓடிப்போய் வயரைத் தொட்டான். ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. பல்பு எரிந்தது. மறுபடி வெளிச்சம் வந்தபோதுதான் தெரிந்தது, இருண்டது இங்கே அல்ல, அங்கே.

"கத்தாருலயும் கரெண்டு போகுதப்பா," என்றார் மூக்கையா, ரொம்ப நிம்மதியாக.

ஆட்டம் முடிந்த பிறகு நாகேந்திரன் கூப்பிட்டார். இரைச்சலுக்குள் கத்திக் கேட்டார்.

"பாத்தியா புள்ள?"

"எங்கிட்டுப் பாக்குறது? எல்லாரும் மஞ்சச் சட்டையில இருக்காக. கண்ணு வலிக்கிற மட்டும் தேடுனேன்."



"மஞ்சளாப் பாத்துத்தான் தேடுனியா?"

"வேற எப்பிடித் தேடுவாக?"

"சரி விடு. அடுத்த வாட்டி வேற கலரு போட்டுக்கிறேன்."

6

இங்கே என் கதாபாத்திரத்தின் மேல் எனக்கே சந்தேகம் வருகிறது.

பிரேசில்காரர்கள் மஞ்சள் சட்டை போடுவார்கள் என்பது நாகேந்திரனுக்குத் தெரியாதா? சுற்றிலும் கால்பந்துப் பைத்தியங்களோடு ஓர் அறையில் இருந்தவர். தவ்ஃபீக்கின் கட்டிலுக்கு மேலே ஒரு போஸ்டராவது இருந்திருக்கும். தெரிந்துகொண்டே, அவள் சொன்ன யோசனைக்குத் தலையாட்டிவிட்டு உள்ளுக்குள் சிரித்தாரா?

அப்படிச் செய்யக்கூடியவர்தான். எழுத எழுத அவர் ரொம்ப நல்லவராகிக்கொண்டே போகிறார். அது சரியில்லை. கோபம் வந்தால் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை வைப்பார். கேலி செய்தால் எல்லை தெரியாது. கல்யாணம் ஆன புதிதில், அவள் சமைத்த மீன் குழம்பைத் தின்றுவிட்டு, இது எந்த ஊர் சாம்பார் என்று கேட்டு அவளை ஒரு நாள் முழுதும் அழவைத்தவர்.

ஆகவே இரண்டு நாகேந்திரன்கள். ஒருவர் தெரியாமல் மஞ்சளைப் போட்டுக்கொண்டு போனவர். இன்னொருவர் தெரிந்தே போனவர். 'மஞ்சளாப் பாத்துத்தான் தேடுனியா' என்று முதல் ஆள் கேட்டால் ஒரு பொருள். இரண்டாம் ஆள் கேட்டால் வேறு பொருள். அடுத்த லீவுக்கு வரும்போது கேட்டுக்கொள்ளலாம் என்று ஜெயசுதா இருந்தாள்.

அடுத்த ஆடியில், ஒரு காலை, நாகேந்திரன் அறையில் படுத்த இடத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே இதயம் நின்றுவிட்டது என்றார்கள். திருச்சி ஏர்போர்ட்டுக்கு மாரீஸ்வரன்தான் வேன் எடுத்துக்கொண்டு போனான்.

(இதற்கு மேல் இங்கே ஒரு பத்தி இருந்தது.)

7

இந்தப் பங்குனியில் தவ்ஃபீக் கேதம் கேட்க வந்தார். நாகேந்திரன் போனபோது அவருக்கு லீவு கிடைக்கவில்லை. வேறு நாட்டுக்கு வேலை மாறி, பல காலம் கழித்து இப்போதுதான் ஊருக்கு வந்திருந்தார். வந்ததும் மனைவி ஃபஸீலாவைக் கூட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறி வந்துவிட்டார்.

அவர்கள் வந்த நேரம் வத்தல் காய்கிற நேரம். வாசல் முழுதும் தார்ப்பாயில் குண்டு மிளகாய் சிவப்பாகக் கிடந்தது. ஜெயசுதா நடுவில் உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தாள். வெயிலில் நிறம் போன வத்தல் மஞ்சளும் வெளுப்புமாக அங்கொன்றும் இங்கொன்றும் கிடக்கும். அது கலந்திருந்தால் கமிஷன் கடையில் மூட்டையைத் தள்ளி வைப்பார்கள். சின்ன வயதிலிருந்து செய்கிற வேலை. கண் தேடாது, சும்மா பார்த்தாலே மஞ்சள் தனியாக எழும்பி வரும்.

கருத்தம்மாள் வந்தவர்களைப் பார்த்து அழுதார். ஃபஸீலா அவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். பிறகு காரம் ஏறித் தும்மினார். தும்மல் நிற்கவில்லை.

"அழுதது பத்தலன்னு வத்தலும் அழவைக்கிது பாரு மதினி," என்றார் ஃபஸீலா ஜெயசுதாவிடம், மூக்கைத் துடைத்துக்கொண்டே. கருத்தம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

தவ்ஃபீக் மட்டும் உட்காரவில்லை. தார்ப்பாய் ஓரத்தில் நின்று, ஜெயசுதாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவள் ஒரு வெளுத்த வத்தலை எடுத்து ஓரத்தில் போட்டாள். இன்னொன்று.

"மாப்ள சொன்னது இதத்தானா," என்றார்.

"என்னண்ணே?"

"கிரவுண்டுல. ஒங்கிட்டச் சொல்லவே இல்லையா தங்கச்சி?"

அவர் சொன்னதைச் சுருக்கமாக எழுதுகிறேன்.

அன்று நாகேந்திரன் மஞ்சள் சட்டையில் வந்து நின்றதும் தவ்ஃபீக் கட்டிப்பிடித்துக்கொண்டார், ஒருவழியாக நம் கட்சிக்கு வந்துவிட்டான் என்று. மெட்ரோ நிலையத்தில் படி இறங்கி, கீழே நின்ற கூட்டத்தைப் பார்த்த பிறகுதான் நாகேந்திரனுக்கு விஷயம் புரிந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். வேறு சட்டை மாற்ற அறைக்குத் திரும்ப நேரமில்லை. (ஆக, தெரியாமல் போனவர். என் இரண்டாம் நாகேந்திரனை இங்கே அடித்துவிடுகிறேன்.) தொப்பைக்காரனோடு ராம்நாடு என்று கத்தியதெல்லாம் நடந்ததுதான். ஆனால் அதன் பிறகு பந்தைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிர்ப்பக்கக் கோலுக்குப் பின்னால் ஒரு திட்டு சிவப்பாக இருந்தது. ஸ்விட்சர்லாந்துக்காரர்கள்.

விளக்கு அணைந்த அந்த ஒரு கணத்தில் பக்கத்தில் யாரோ எழுந்திருப்பது தெரிந்தது. வெளிச்சம் வந்தபோது இருக்கை காலி. ஒன்றுக்குப் போயிருப்பான் என்று தவ்ஃபீக் விட்டுவிட்டார். இடைவேளை முடியும்போது போன் வந்தது. எதிர்ப்பக்கம் பார் என்றது.

பார்த்தார். சிவப்புக்கு நடுவில் ஒரு மஞ்சள் நின்றுகொண்டிருந்தது. இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டு.

"ஏன்டா, அங்கன போயி நிக்கிற, அடிச்சிரப் போறானுகன்னேன். அதெல்லாம் அடிக்க மாட்டாங்கெ, ஒருத்தன் பாப்கார்ன் குடுக்குறான்னான். காவக்காரன் வந்து ஒக்காரச் சொன்னா ஒக்காருவான், அவன் அங்கிட்டுத் திரும்புனா எந்திரிப்பான். கோல் விழுந்தப்ப நாங்க அம்புட்டுப் பேரும் குதிக்கிறோம். அவன் பாவம், அவிங்க பாப்கார்னத் தின்னுட்டுக் குதிக்க முடியாம நிக்கிறான்."

தவ்ஃபீக் சிரித்தார். பிறகு தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"எதுக்குடா இந்தக் கூத்து, அங்கன நிக்கிறன்னு வீட்டுக்குப் போனப் போட்டுச் சொல்லுன்னேன். சொல்ல வேணாம், செவப்புக்குள்ள நின்னா அவ கண்ணுக்குத் தப்பாதுடா, வத்தல் பொறுக்குற கண்ணுன்னான். எனக்கு அப்ப வெளங்கல தங்கச்சி. இப்பத்தான் வெளங்குது."

ஜெயசுதா கையிலிருந்த வத்தலைக் கீழே வைத்தாள்.

அன்று இரண்டாம் பாதி முழுவதும் அவள் மஞ்சளுக்குள் தேடிக்கொண்டிருந்தாள். சிவப்பு வந்தபோதெல்லாம் கண்ணுக்கு ஓய்வு கொடுத்தாள். ஒரு தடவை அந்த நேரத்தில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்தாள்.

அவர் ஏன் அவளிடம் சொல்லவில்லை என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது. 'மஞ்சளாப் பாத்துத்தான் தேடுனியா' என்று கேட்டு, பதிலைக் கேட்டு, அந்த இரைச்சலுக்குள் அவர் முடிவு செய்திருக்க வேண்டும். தப்பான பக்கம் தேடினாய் என்று சொன்னால் இவள் அன்று தூங்கமாட்டாள். இப்படி எழுதுவதில் அவர் மறுபடி நல்லவராகிவிடுகிறார். இந்த ஓர் இடத்தில் ஆகட்டும்.

8

போகும்போது தவ்ஃபீக் ஒரு பென்டிரைவ் கொடுத்தார். முழு ஆட்டமும் அதில் இருந்தது. கேமரா அந்தப் பக்கம் அதிகம் போகாது, எதிர்பார்க்காதே என்றும் சொன்னார்.

முதல் பாதியைப் பார்த்தேன். விளக்கு அணைகிற இடத்தை மட்டும் நாலைந்து தடவை பார்த்தேன். கறுப்புத் திரைதான். ஆனால் அதற்குள் அவர் எழுந்து நடக்கத் தொடங்குகிறார். இடைவேளை வந்தது. நிறுத்தினேன்.

இதற்கு ஒரு முடிவு எழுத வேண்டும்.

முடிவு அ: ஜெயசுதா ரிமோட்டை அழுத்துகிறாள். பந்து வெளியே போகிறது, கேமரா கோலுக்குப் பின்னால் திரும்புகிறது, சிவப்புக்குள் அவர். மாம்பழ மஞ்சள். கை இரண்டும் மேலே. அவள் திரையைத் தொட— இல்லை. எனக்கே நம்பிக்கை வரவில்லை.

முடிவு ஆ: கேமரா அந்தப் பக்கம் போகவே இல்லை. அது பந்தைத் தேடி வந்த கேமரா. ஆட்டம் முடிகிறது. அவர் எங்கும் இல்லை. (பெரும்பாலும் இதுதான் நடக்கும். இதற்குப் பிறகு நான் என்ன செய்வது என்று இந்த முடிவில் எழுதியிருக்கவில்லை.)

முடிவு இ: போன வாரம் ஜெயசுதா பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்து, தோஹாவுக்கு— விண்ணப்பிக்கவில்லை. அந்த மைதானம் நிற்கிறதா என்றுகூட நான் கேட்கவில்லை என்று முன்பே சொன்னேன்.

நேற்று நடந்ததை மட்டும் எழுதிவிடுகிறேன். வத்தலை மூட்டை கட்ட வேண்டிய நாள். கடைசிக் குவியலைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள் ஜெயசுதா. எல்லாம் எடுத்தாகிவிட்டது. ஒன்று மட்டும் நடுவில், மஞ்சளாக, காம்போடு நிமிர்ந்து கிடந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த கருத்தம்மாளுக்குப் பார்வை மங்கல். அவருக்கே அது தெரிந்தது.

"அந்தா ஒண்ணு கெடக்கு பாரு, எடு."

"கெடக்கட்டும்த்தே," என்றாள்.

கருத்தம்மாள் மூட்டையின் வாயைப் பிடித்துக்கொண்டார். அது சிவப்போடு சேர்ந்து உள்ளே போனது.

டிவியில் ஆட்டம் இன்னும் இடைவேளையில்தான் நிற்கிறது. அவர் இப்போது படிகளில் ஏறி இறங்கி, மைதானத்தைச் சுற்றி, சிவப்புப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறார். அவரை அங்கேயே நடக்க விட்டிருக்கிறேன்.

பின்பாதி உங்களிடம் இருக்கிறது. அந்த ஆட்டத்தை எங்கேயாவது போட்டுப் பார்க்க உங்களால் முடியும். பார்த்தால், மஞ்சளுக்குள் தேடாதீர்கள். எதிர்ப்பக்கக் கோலுக்குப் பின்னால், சிவப்புத் திட்டில், கையை ஆட்டிக்கொண்டு ஓர் ஆள் நின்றால், எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. சும்மா ஒரு தடவை நீங்களும் கையை ஆட்டுங்கள்.

உட்காரச் சொல்லிவிடாதீர்கள்.